மேசையில் கிடந்த போன்

சாப்பாட்டு மேசையில் குணசேகரத்தின் கலியாண மோதிரம், மணிக்கூடு, போன் மூன்றும் கிடந்தன. வாசலில் சப்பாத்து இருந்தது. ஆளைக் காணவில்லை.

அவர் மனைவி ராசமலர் வாசலில் நின்றபடியே மேசையைப் பார்த்தாள். மோதிரத்தை விடுங்கள், மணிக்கூட்டை விடுங்கள். அந்தப் போன்தான் அவளைப் பயமுறுத்தியது. மூன்று வாரமாக மனுசன் அதைக் குளியலறைக்குள்ளும் கொண்டுபோனவர், இரவில் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கிடந்தவர்.

மூத்த மகள் துஷாரா கலியாணம் கட்டி வன்னியிலேயே நின்றுவிட்டவள். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் போனில், செல் குண்டு விழுகிற சத்தத்துக்கு நடுவே "அப்பா" என்றாள். அதோடு சரி. யுத்தம் முடிந்தது என்று டென்மார்க் தொலைக்காட்சி சொல்லி ஆறு நாளாகிவிட்டது. பிள்ளை இருக்கிறாளா, இல்லையா என்று சொல்லத்தான் ஒரு நாதியும் இல்லை.

ஞாயிறு என்றாலும் ராசமலருக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. பத்து மணிக்கு அங்கிருந்து போன் அடித்தாள். முதல் மணியிலேயே பாய்ந்து எடுக்கிற மனுசன் எடுக்கவே இல்லை. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மூச்சிரைக்கச் சைக்கிளை மிதித்து வந்தால், வீடு இந்தக் கோலத்தில் கிடக்கிறது.

இனிக் காத்திருக்க ஒன்றுமில்லை என்று ஆனவர்தான் அந்தப் போனை வைத்துவிட்டுப் போவார். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக் கதவை இடித்தாள். ஊலா வந்து திறந்தாள். ஊலாவின் புருஷன் பிரெபன் பராகிளைடிங் கிளப்பில் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். இரண்டு பேர் தொங்குகிற பெரிய பரசூட்டைக் காரில் ஏற்றும்போதெல்லாம் "வா குணா, பறப்போம்" என்று வேலிக்கு மேலால் கூப்பிடுவான். பல்ப் மாற்ற ஏணியில் ஏறவே நடுங்குகிற குணசேகரம் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே ஓடிவிடுவார்.

"உன் ஆள் பிரெபனோடுதான் போயிருக்கிறார்," என்று ஊலா டேனிஷில் சொன்னாள். "காலையில் தலை முழுகி, வெறுங்காலோடு வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. பரசூட்டைக் காட்டினார், வானத்தைக் காட்டினார். கோப்பி கொடுத்தேன், அதையும் தொடவில்லை."

ராசமலருக்கு விளங்கிவிட்டது.

"ஊலா, காரை எடு! கெதியா எடு!" பதற்றத்தில் தமிழில்தான் கத்தினாள். ஊலாவுக்கு அது போதுமாக இருந்தது.

ஹோர்சன்ஸ் நகருக்கு வெளியே, மஞ்சள் பூத்த வயல்களுக்கு நடுவே கிளப்பின் புல்வெளி. டென்மார்க்கில் குதிக்க மலை ஏது? நீளக் கயிற்றை இயந்திரத்தால் இழுத்துத்தான் ஆட்களை மேலே ஏற்றுவார்கள்.

கார் நிற்குமுன் அவள் குதித்து ஓடினாள். பிரெபனுக்கு முன்னால் வார்களால் பிணைக்கப்பட்டபடி குணசேகரம் நின்றார். தலைக் கவசத்துக்குக் கீழே வாயை மூடி ஒரு வெள்ளைத் துணி. குளிருக்காக்கும்.

"இஞ்சருங்கோ! வேண்டாம்! என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ!"

அவர் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். அந்த நேரம் பார்த்துக் கயிறு இழுத்தது.

விடைபெறுகிறார். முப்பது வருசம் கூட வாழ்ந்த மனுசன் ஒரு சொல்லும் சொல்லாமல் விடைபெறுகிறார்.

உயரத்தில் கயிறு கழன்று பரசூட் மிதந்தது. அப்போது குணசேகரம் முன்னால் சாய்ந்து, கைகால்களை அகல விரித்தார்.

"கையை விட்டிட்டார்! ஐயோ, கையை விட்டிட்டார்!"

"வார் பிடித்திருக்கும், விழமாட்டார்," என்றாள் ஊலா. வாரை ஒருவர் தானே கழற்றலாம் என்பதை ராசமலர் எப்படிச் சொல்வாள்? புல்லில் விழுந்து கிடந்து அரற்றினாள். "நல்லூரானே, முருகா, பிள்ளையை எடுத்துப்போட்டாய். இந்த மனுசனையாவது எனக்கு விடு."

பத்து நிமிடம். அவளுக்கு அது பத்து வருசம். கடைசியில் பரசூட் வட்டமடித்து இறங்கி, புல்லில் மெல்லச் சரிந்தது. பிரெபன் வார்களைக் கழற்றினான். குணசேகரம் முழங்காலில் விழுந்து நெற்றியை நிலத்தில் வைத்தார்.

ராசமலர் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நெஞ்சில் மாறிமாறி அடித்தாள். "ஏனப்பா இப்பிடிச் செய்தனீங்கள்? பிள்ளை இல்லையெண்டா நானும் உங்களுக்கு இல்லையோ?"

அவர் அடியெல்லாம் வாங்கிக்கொண்டு, வாயிலிருந்த துணியை அவிழ்த்தார்.

"பறவைக் காவடி, ராசம். முதுகில கொக்கி குத்தித் தூக்க இஞ்ச ஆர் விடுவினம்? இதைத்தான் முருகன் ஏற்றுக்கொள்ளவேணும். அலகுக்குப் பதிலா வாயைக் கட்டினனான். காவடி முடியுமட்டும் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை எண்டு நேத்திக்கடன்."

"நேத்தியோ?" அவள் வெடித்து அழுதாள். "எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனி ஆருக்கு நேத்தி?"

"துஷாரா விடிய, நீ வேலைக்குப் போன கையோட, போனில என்னோட கதைச்சவள், ராசம்."