தகவல் சொல்லப் போன வீடு

"'போயிட்டார்'னு மட்டும் சொல்லிடாதே. 'எங்கே போனான்?'னு கேப்பாங்க."

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி புதுசு தலையாட்டினாள். போலீஸ் வேலையில் சேர்ந்து பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து ஸ்டேஷனில் அவளுக்கு அதுதான் பெயர். பக்கத்தில் இருந்தவர் அவளுக்கு வேலை பழக்கும் அதிகாரி. ஜீப் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் எதிரே, மர நிழலில் நின்றிருந்தது.

"நான்தான் அந்தம்மான்னு வச்சுக்கோ. சொல்லு பார்ப்போம்."

"அம்மா... உங்க பையன் தவறிட்டார்."

"எங்கேருந்து தவறினான்? மாடியிலேருந்தா?" அவர் சிரிக்கவில்லை. "நம்ம ஸ்டேஷன் தொப்பை ஏட்டு ஒரு வீட்ல இப்படித்தான் சொன்னார். 'அடி பலமா? எந்த ஆஸ்பத்திரி?'ன்னு கேட்டுக்கிட்டே அந்தம்மா பிளாஸ்க்ல வெந்நீர் ஊத்த ஆரம்பிச்சிட்டாங்க. மறுபடியும் முதல்லேருந்து சொல்ல வேண்டியதாப் போச்சு. ஒரு புள்ளைய அவங்கம்மாவுக்கு ரெண்டு தடவை சாகடிக்கக் கூடாது."

"அப்ப என்னதான் சார் சொல்றது?"

"இறந்துட்டார். அந்த வார்த்தைக்குத்தான் வேற அர்த்தம் கிடையாது."

அவள் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"திருடனைத் துரத்தச் சொல்லுங்க சார், சந்து சந்தா ஓடறேன். இது நமக்கு ஆகாது. எப்பவும் இதை நீங்கதானே செய்வீங்க? யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டீங்கன்னு சொல்வாங்களே."

"நீ எப்பத்தான் கத்துக்கறது?"

காலையில் ரோந்தின்போது அவருக்கு ஒரு போன் வந்தது. இறங்கிப் போய்ப் பேசினார். வெகுநேரம் கழித்துத் திரும்பியவர், "பைபாஸ்ல ஒரு பைக், லாரியில மோதிடுச்சு. அந்தப் பையன் வீட்ல தகவல் சொல்லணும், நீ ஓட்டு" என்று பையனின் பெயரைச் சொன்னதோடு சரி. அதன் பிறகு இந்த ஒத்திகைதான்.

"அடுப்புல ஏதாவது இருக்கான்னு பார்த்து அணைச்சிடு. உட்கார வை. நீயும் உட்காரு. நின்னுக்கிட்டு சொன்னா தீர்ப்பு வாசிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் கையைப் பிடிச்சுக்கோ."

"கையைப் பிடிக்கறது சட்டத்துல இருக்கா சார்?"

"இல்லை. அதனாலதான் சொல்லித் தர்றேன்."

"வீட்ல வேற யாரு இருக்காங்க? அப்பா?"

"அவருக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்ப அவரே சொல்லலாமே!"

"முடியலையாம்."

"என்ன மனுஷன் சார் அவர்! கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்குப் போலீஸை அனுப்பறாரு!"

"கோழைதான்" என்றார் அவர், ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி.

இறங்குமுன் அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. முன்பின் தெரியாத ஒரு தாய்க்காக இந்த முரட்டு மனிதர் கடவுளிடம் கேட்கிறாரே என்று அவளுக்கு மனசு இளகியது. அவளும் கேட்டுக்கொண்டாள்: 'ஆண்டவனே, என் வாயில் நல்ல வார்த்தையைக் கொடு. அந்தம்மாவுக்குத் தாங்கும் பலத்தைக் கொடு.'

மாடிப்படி திரும்பும் இடத்தில் அவர் நின்றுவிட்டார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தார். "நீ போ. நான் வர்றேன்."

அவள் போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்த பெண்ணின் கையில் கரண்டி. சீருடையைப் பார்த்ததும் முகம் வெளுக்கும் என்று புதுசு எதிர்பார்த்திருந்தாள். வெளுக்கவில்லை.

"வாம்மா, வெயில்ல வந்திருக்க. தண்ணி குடிக்கிறியா?"

இப்படி ஒரு வரவேற்புக்கு ஒத்திகை எதுவும் நடக்கவில்லை. தடுமாறிப்போய், பையனின் பெயரைச் சொல்லி, "அவரோட அம்மாதானே நீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. ஏன், பைக்கைப் பறக்க விட்டு மாட்டிக்கிட்டானா அந்தக் கழுதை? நல்லா ஃபைன் போடுங்க. நான் சொன்னா எங்க கேக்கறான்!"

"அடுப்புல ஏதாவது இருக்காம்மா?"

புதுசே உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். கரண்டியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். 'தவறிட்டார்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"அம்மா, இன்னிக்குக் காலையில பைபாஸ்ல ஒரு விபத்து. உங்க பையன் அதுல இறந்துட்டார்."

அந்தத் தாய் அலறவில்லை. புதுசின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரல்கள் இறுகின. எலும்பு நொறுங்கிவிடும்போல வலித்தது. புதுசு கையை எடுக்கவில்லை. இந்த வலியையாவது பங்கு போட்டுக்கொள்ள முடிகிறதே என்று இருந்தது.

"அவன் அப்பாகிட்ட..." குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. அவருக்கு அவன்னா உசுரு. தாங்க மாட்டாரு."

ஜீப்பில் அந்த மனிதரைத் திட்டியது நினைவுக்கு வர, புதுசு தலைகுனிந்தாள். "அவருக்குத் தெரியும்மா."

வாசலில் நிழல் விழுந்தது. ஒருவழியாகப் பயிற்சி அதிகாரி படியேறி வந்துவிட்டார். தொப்பி கையில் இருந்தது.

அந்தத் தாய் அவளைத் தாண்டி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க..." என்றாள். "நம்ம பையனாங்க?"