மாடிப்படியில் இருமல்

"மறுபடி ஆரம்பிச்சுட்டார் அண்ணா. எனக்கு நல்லாத் தெரியும்."

போனிலேயே தங்கையின் குரல் உடைந்தது.

"எதை? சிகரெட்டையா?"

"வேற என்ன? சாப்பிட்டதும் நடந்துட்டு வர்றேன்னு கிளம்பறார். டாக்டர் அரை மணி நேரம்தான் நடக்கச் சொன்னார். இவர் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது. வரும்போது மாடிப்படியிலேயே லொக்கு லொக்குன்னு இருமல்!"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை பஸ் டிரைவர். அவருடைய அப்பாவும் பஸ் ஓட்டியவர்தான். ஐம்பதைத் தாண்டாமல் மாரடைப்பில் போனவர். போன மாதம் டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சிகரெட், அப்பா. இதுல அப்பாவை மட்டும்தான் மாத்த முடியாது."

மாப்பிள்ளை அன்றே சிகரெட்டைத் தூக்கி எறிந்தார். தங்கையும் விடவில்லை. "இனிமே இந்த வீட்டுல எல்லாருக்கும் ஒரே சமையல்" என்று சட்டம் போட்டு, உப்பையும் எண்ணெயையும் குறைத்தாள். பிள்ளைகள் இரண்டும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சப்பென்ற சாப்பாட்டை முகம் சுளிக்காமல் சாப்பிட்டன.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மனுஷன் திருட்டு தம் அடிப்பானா? கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று அண்ணன் கிளம்பிவிட்டார்.

அன்று ராத்திரி, சாப்பிட்டு நடக்கக் கிளம்பிய மாப்பிள்ளையைத் தெரியாமல் பின்தொடர்ந்தார். தெருமுனைக் கடை வாசலில் டிப்போ நண்பர்கள் ஊதிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பாக்கெட்டை நீட்டவும் செய்தார். மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டு நடையை எட்டிப் போட்டார்.

எங்கேயும் நிற்கவில்லை. பின்னால் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அண்ணனுக்குத்தான் நாக்குத் தள்ளியது.

அரை மணியில் மாப்பிள்ளை வீட்டுக்கே திரும்பிவிட்டார். ஆனால் மாடி ஏறவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் போய், இருட்டில் குட்டிச்சுவர் மேல் உட்கார்ந்தார்.

இங்கேதான் சங்கதி! அண்ணன் எதிரே குதித்தார்.

"மாப்பிள்ளை, வாயை ஊதுங்க பார்ப்போம்!"

திடுக்கிட்டாலும் ஊதினார். புகை வாடையே இல்லை. ஆனால் எங்கிருந்தோ எண்ணெயில் முட்டை பொரியும் வாசனை மூக்கைத் துளைத்தது.

"அப்புறம் ஏன் இங்க உட்கார்ந்திருக்கீங்க? உங்களை நினைச்சு என் தங்கச்சி அழுதுட்டிருக்கா!"

மாப்பிள்ளை மேலே கையைக் காட்டினார். மூன்றாவது மாடி. அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல்.

"நம்ம வீட்டுலதான் மச்சான். பிள்ளைங்களுக்குப் பொரிக்கறா."

"உங்களுக்குத் தெரியாமலா? இருங்க, போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

"உட்காருங்க! வளர்ற பிள்ளைங்க. எனக்காக என் முன்னால வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்குங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா இதையும் தொட மாட்டாங்க."

"இந்த வாசனையில உங்களுக்கு ஆசை வராதா?"

"வராம என்ன? எச்சில் ஊறத்தான் செய்யுது. ஆனா எங்க அப்பா பார்க்காத வயசை நான் பார்த்தே ஆகணும்."

அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சமையலறை விளக்கு அணைந்தது. இருவரும் மாடி ஏறினார்கள். இரண்டாவது மாடியில் மாப்பிள்ளை நின்றார்.

"இங்கிருந்தே சத்தமா இருமணும் மச்சான். வாயைத் துடைச்சுக்க அவங்களுக்கும் கொஞ்சம் நேரம் வேணுமில்ல?"