ஒன்பதாம் பக்கமும் அறுபத்துநாலாம் பக்கமும்

“இந்த ஆள் திரும்பவும் வந்துவிட்டார். இன்றைக்கும் நம் நேரம் பாழ்தான்,” என்று கம்பெனித் தலைவரின் காதில் ஆங்கிலத்தில் முணுமுணுத்தார் செயலாளர் வல்லிபுரம். தலைவர் உதட்டைச் சுழித்தார்.

பங்சாரில் ஒரு ஓட்டல் மண்டபம். சமையல் எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டம். மூன்றாவது வரிசையில் கன்னையா தூக்கிய கையை இறக்காமல் நின்றார்.

கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர் அவர். சேமநிதியில் கிடைத்த காசில் இந்தக் கம்பெனியில் ஆயிரம் பங்கு வாங்கியிருந்தார். கம்பெனியின் ஆலை இருப்பது பண்டமாரானில், அவர் வீட்டுக்கு நேர் பின்னால்.

ஆலைக் கழிவு லொங்காங் சாக்கடையில் கறுப்பாக ஓடுகிறது. பேத்திக்குக் கால் முழுக்கச் சிரங்கு. சுற்றுச்சூழல் இலாகாவில் மூன்று முறை புகார் கொடுத்தார். மூன்று முறையும் அதிகாரி, கம்பெனியின் 1995ஆம் ஆண்டறிக்கைப் புத்தகத்தை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினார். நீலநிறத்தில் ஒரு குளம், கரையில் இரண்டு கொக்கு. கழிவுநீர் முழுவதும் இங்கே சுத்தமாகிறது என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

“புத்தகத்திலேயே போட்டிருக்காங்களே, அங்கிள். அப்புறம் நான் என்ன பண்ண?”

அச்சடித்த பொய்க்கு இருக்கிற மரியாதை அடிக்கிற நாற்றத்துக்கு இல்லை.

ஒன்பதாம் பக்கம் பொய் என்று தலைவர் இந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால், அது கூட்டக் குறிப்பில் ஏறும். பிறகு எந்த அதிகாரியும் கையை விரிக்க முடியாது. கன்னையா வந்தது அதற்குத்தான். மற்றவர்களில் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு வந்தவர்கள்.

“மைக் குடுக்காட்டில் கத்துவார். கேட்டு முடிச்சிட்டு இருக்கட்டும்,” என்று வல்லிபுரம் சலித்துக்கொண்டே கையைக் காட்டினார். மைக் வந்தது.

“ஒன்பதாம் பக்கத்துல ஒரு குளம் போட்டிருக்கீங்களே. அது நெசமாவே தண்ணியச் சுத்தம் பண்ணுதா?”

வல்லிபுரம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். “நூற்றுக்கு நூறு,” என்றார் தலைவர். முன்வரிசையில் இருந்த பெரிய முதலீட்டாளர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

கன்னையாவுக்கு வியர்த்தது. தமிழையே எழுத்துக்கூட்டிப் படிக்கிற மனிதர். இத்தனை கோட்டுகளுக்கு நடுவில் அடுத்த வார்த்தை வரவில்லை.

“அவ்வளவுதானோ? சும்மா நிண்டு நேரத்தைத் தின்னாதையுங்கோ!” என்று வல்லிபுரம் சிடுசிடுத்தார். “வேற பக்கம் ஏதும் இருந்தால் பக்கத்தைச் சொல்லுங்கோ, பாப்பம்!” அவருடைய விரல் அதற்கு முன்பே புத்தகத்தின் பின்பகுதியில் செருகியிருந்தது.

“இருக்கு லா! பின்னால அறுபத்துநாலு! அந்தக் குளத்துப் பம்பைப் போன வருசமே வித்துட்டதா கணக்குல சின்ன எழுத்துல போட்டிருக்கு. பம்பு இல்லாத குளம் எப்படிய்யா சுத்தம் பண்ணும்?”

வல்லிபுரம் மொழிபெயர்த்து முடித்தபோது முன்வரிசையில் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. படம் பார்க்கிறவர்கள் படத்தோடும், கணக்குப் பார்க்கிறவர்கள் கணக்கோடும் நின்றுவிட்டார்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க அதுவரை அங்கே ஆள் இல்லை.

தலைவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். முன்பகுதியை எழுதியது விளம்பரப் பிரிவு, பின்பகுதியை எழுதியது கணக்குப் பிரிவு, அவரவர் வேலையை அவரவர் சரியாகவே செய்திருக்கிறார்கள் என்றார். பழைய பம்பை விற்றது உண்மை, அதற்குப் பதில் புதியது வாங்கியாயிற்று என்றார்.

வல்லிபுரம் அதைத் தமிழில் சொன்னார். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி இரண்டு தடவை சொன்னார். “புதுப் பம்பு வாங்கியாச்சாம். புதுப் பம்பு! விளங்கிச்சோ? இனி என்ன கேக்கப் போறீங்கள்?”

கன்னையாவுக்கு ரத்தம் தலைக்கேறியது.

“புதுப் பம்பா? வாய்யா, என் வீட்டுப் பின்னால வந்து மோந்து பாரு! உன் கோட்டைக் கழட்டிக் குடு, அந்தத் தண்ணியில அலசித் தரேன். போட்டுக்கிட்டு உன் பொண்டாட்டி முன்னால போய் நில்லு!”

தமிழ் தெரிந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தெரியாதவர்கள் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு எல்லாம் போயிற்று. முன்வரிசையில் புத்தகங்கள் மூடிக்கொண்டன. தலைவரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். யாரோ மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் முடிந்தது என்று அறிவித்தார்கள்.

“உக்காருங்க அங்கிள். இல்ல, எந்திரிங்க, பிரியாணி ஆறுது,” என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த பாலன். “அந்த செக்ரட்டரி பயங்கர ஆளு. உங்களக் கிண்டிக் கிண்டி விட்டே கோமாளியாக்கிட்டான் பாத்தீங்களா?”

கன்னையா சாப்பாட்டுப் பக்கம் போகவில்லை. செருப்பைத் தேய்த்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

வல்லிபுரம் பின்னாலேயே வந்து அவர் முழங்கையைப் பிடித்தார். அவசரப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். மேல்மாடியை ஒரு தரம் எட்டிப் பார்த்தார், கீழே ஒரு தரம். கன்னையா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

வல்லிபுரம் பல்லைக் கடித்தார்.

“புதுப் பம்பு வாங்கின செலவு எந்தப் பக்கத்தில எண்டு கேக்கச் சொல்லித்தானே, அண்ணை, நேற்று முழுக்கப் படிப்பிச்சனான்!”