குனியத் தேவையில்லாத மெஷின்

ரொம்மன் அடுக்குமாடியின் பெரிய வளவு முழுக்க இலை கொட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி வளவைத் துப்புரவாக்கும் சிரமதானம். ஆண்டுதோறும் அந்த நாளாகப் பார்த்து மகேசனுக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு வந்து, குனிய முடியாமல் போய்விடும்.

இந்த முறை குடியிருப்புத் தலைவி இங்கெர் முன்கூட்டியே வந்து, இலை அள்ள என்ன வாங்கலாம் என்று அவரிடமே யோசனை கேட்டாள்.

"இலை கூட்டுற வாரியளை விடுங்கோ. முதுகிலை கொழுவி, இலையை ஊதித் தள்ளுற மெஷின் வாங்குங்கோ. குனியவே தேவையில்லை, நாரிக்குப் பாரமும் தெரியாது. முழு வளவுக்கும் ஓராள் காணும்!" என்று மகேசன் அடித்துச் சொன்னார்.

அவள் போனதும் மனைவி ராசமலரைப் பார்த்துக் கண்ணடித்தார். "இனி வருசா வருசம் எனக்கு நாரி பிடிக்கத் தேவையில்லை."

ஞாயிறு காலை கதவைத் திறந்தால், அயலவர் அத்தனை பேரும் கோப்பியும் வாஃபிளுமாக நின்றார்கள். இங்கெர் புது மெஷினைத் தானே அவர் முதுகில் கொழுவி, இடுப்புப் பட்டியைப் பதமாக இறுக்கிவிட்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"நாரி வருத்தக்காரரான உங்களை ஒதுக்கிவைத்துவிட்டு நாங்கள் மட்டும் வேலை செய்கிறோமே என்று எங்களுக்குப் பெரிய கவலை. அதனால்தான் உங்கள் நாரிக்கு எது தோதென்று உங்களிடமே கேட்டேன். இனி ஒவ்வொரு ஆண்டும் நீங்கள்தான்!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

"இஞ்சாருங்கோ, நாரி இப்ப எப்பிடி?" என்றாள் ராசமலர், வாஃபிளைக் கடித்தபடி.