பத்தொன்பது நிமிடம்

புதிதாக வந்த அதிவேக விமானத்தில் துபாயில் ஏறினால் பத்தொன்பதாவது நிமிடம் திருச்சியில் இறங்கிவிடலாம். அம்மா இறந்த அன்று சகாயராஜ் அப்படித்தான் வந்தான். கையில் ரோஜா மாலை இருந்தது.

பந்தலுக்குள் அவன் கால் வைத்ததுமே, தங்கை ஜெசிந்தா ஓர் இரும்பு நாற்காலியைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்து ரத்தம் மாலையில் வழிந்தது.

"அப்பா சாகக் கெடந்தப்ப நாலு மணி நேரம் பறக்கணும், லீவு இல்லன்ன. சரின்னு விட்டோம். அம்மா எட்டு மாசம் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. இப்ப என்ன சொல்லப் போற?"

அடுத்த அடியில் அவன் தோள்பட்டை முறிந்தது. சித்தப்பா ஓடிவந்து அவளைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டார். நாற்காலி கீழே விழுந்தது.

சவப்பெட்டியின் அருகே விழுந்துகிடந்த சகாயராஜ் வாயில் நிறைந்த ரத்தத்தைத் துப்பினான்.

"வாராவாரம் ஏர்போர்ட் வரைக்கும் வந்தேன் ஜெசி. அம்மாவ அந்த நெலமையில பாக்கத் தைரியம் வரல. அடுத்த பிளைட்லயே திரும்பிட்டேன்."

"எந்த ஏர்போர்ட்டு? நம்ம திருச்சிக்கா?"

அவன் ஆமென்று தலையசைத்தான்.

சித்தப்பாவின் பிடி தானாகத் தளர்ந்தது. ஜெசிந்தா குனிந்து நாற்காலியை மறுபடி எடுத்தாள்.