பதினேழு கடவுச்சொற்கள்

படங்களைச் சேமித்து வைக்கும் இணையக் கணக்குகளில், வீண் எச்சரிக்கைகளைக் குறைக்க ஒரு புது வழி வந்திருந்தது. தவறாக இடும் கடவுச்சொல் சரியானதற்குப் பக்கத்தில் வந்தால், இடுபவர் வீட்டு ஆள். வெகுதூரம் விலகினால் அந்நியர். அந்நியருக்கு மட்டுமே மணி அடிக்கும்.

இன்று அழகேசன் என்பவரின் கணக்குக்காக அடித்தது. கண்காணிப்புப் பணியில் இருந்த நறுமுகை அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, கடவுச்சொல் வெகுதூரம் விலகியதால் மணி அடித்ததைச் சொன்னாள்.

"நான் அவரு சம்சாரம்மா. நாளைக்கு அவருக்குப் பதினாறாம் நாள். மாலை போட நல்ல படம் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. கல்யாண நாள், பிள்ளைங்க பேரு, குலசாமி பேருன்னு பதினேழு தடவை போட்டுப் பாத்துட்டேன்."

திரையில் பதினேழுக்கும் நேரே 'அந்நியர்' என்றிருந்தது.

"கடைசியா என் பேரைப் போட்டேன். அதாச்சும் கிட்ட வந்துச்சாம்மா?"

"ரொம்பக் கிட்ட வந்துச்சும்மா" என்ற நறுமுகை, அதை வீண் எச்சரிக்கை என்று குறித்தாள்.