வசனம்: முஜீப்

தொடர் தொடங்கியதுமே முஜீப்பின் கட்டைவிரல் ரிமோட்டில் மியூட் பட்டன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி சாயிரா பானு. மடியில் ஃபோனைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

காலையில் மகள் ரூபினா பொள்ளாச்சியிலிருந்து பேசியிருந்தாள்.

"அம்மா, நாளைக்கு நம்ம ஊட்டுக்கு வரட்டுமா? அத்தாகிட்டக் கேட்டுச் சொல்லும்மா."

வீட்டில் பேசி முடித்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மனசுக்குப் பிடித்தவனை நிக்காஹ் செய்துகொண்டு போனவள். அன்றிலிருந்து முஜீப் அவள் பேரை வாயால் சொன்னதில்லை. சாயிரா பானு சொன்னால், எழுந்து போய்விடுவார்.

மதியம் ஒப்பணக்காரத் தெரு சூட்கேஸ் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது கேட்கலாம் என்றிருந்தாள். குழம்பு ஊற்றினாள், ரசம் ஊற்றினாள், கேள்வி மட்டும் வாயை விட்டு வரவில்லை. இப்போது மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். பள்ளிவாசலில் இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் கேட்டாக வேண்டும்.

மகள் அங்கே ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

கோட்டைமேட்டில் அந்த வீட்டுக்குள் ஒரு தொடர் நுழைந்ததே தனிக் கதை. சூனியம் வைக்கிற தொடர் கூடாது. பேயும் பாம்பும் கூடாது. மருமகளுக்குப் பாலில் விஷம் கலக்கிறது கூடவே கூடாது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் முஜீப்பே ஃபோனில் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கிக்கொண்டே வந்தார்.

பக்கத்துக் குடைக்கடை குமாரசாமி விடவில்லை. "ஏனுங்க பாய், ஊட்ல அம்மணி பாக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டு, அத்தனையும் நீங்களே பாத்து முடிச்சுப்போட்டீங்களே!"

கடைசியில் தேறியது இது ஒன்றுதான். ஒரு அப்பா, ஒரு மகள், குடும்பச் சண்டை. அதிலும் பின்னணி இசை ஆகாது. இசை எழுந்த நொடியில் மியூட்.

இசையோடு பேச்சும் போய்விடுமே?

அதற்கும் முஜீப்பிடம் வழி இருந்தது. உதட்டசைவைப் பார்த்து வசனத்தை அவரே சொல்லிவிடுவார். மாமியாருக்கு ஒரு குரல், வக்கீலுக்கு ஒரு குரல். பிடிபடாத இடத்தில் "தெரியல புள்ள" என்று விட்டுவிடுவார். பேசாத பேச்சைச் சேர்த்துச் சொன்னால் பொய்யாகிவிடும் என்பார்.

"அவங்க பேசறத விட நீங்க சொல்றது நல்லாருக்குதுங்க" என்பாள் சாயிரா பானு.

"கிண்டலா?" என்பார். ஆனால் அடுத்த வசனத்தில் குரல் இன்னும் கொஞ்சம் ஏறும்.

இன்றைக்குத் திரையில், வீட்டை விட்டுப் போன மகள் திரும்பி வந்தாள். நீளமான கார் ஒன்று வாசலில் நின்றது. பெட்டியோடு இறங்கினாள். கதவைத் திறந்துகொண்டு அப்பா வெளியே வந்தார். வயலின் இழைய ஆரம்பித்தது.

மியூட்.

வீடு சட்டென்று அடங்கியது. சந்துக்குள் ஒரு ஆட்டோ திணறித் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

திரையில் அந்த அப்பாவின் உதடுகள் அசைந்தன. முஜீப் ஒன்றும் சொல்லவில்லை.

சாயிரா பானு திரையைப் பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பற்றிக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறொன்று.

"அவரு என்னங்க சொல்றாரு?"

'தெரியல புள்ள' வரப்போகிறது என்று அவள் நினைத்தாள்.

"வா கண்ணு" என்றார் முஜீப்.

வக்கீல் குரலும் இல்லை, வேறு யார் குரலும் இல்லை. அவருடைய சொந்தக் குரல்.

"ஏங்கண்ணு வாசல்லயே நின்னுட்டே? பஸ்ஸுல ஒக்கார எடம் கெடச்சுதா? இந்த வெயில்ல மொகமெல்லாம் வாடிப்போச்சு பாரு. அத்தா மேல கோவமிருந்தா அதைய அப்பறமேட்டுப் பாத்துக்கலாம். மொதல்ல உள்ள வந்து சாப்புடு."

சாயிரா பானு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தொடரில் அந்தப் பெண் வந்தது காரில். அவள் தன் அப்பாவை ஒருநாளும் 'அத்தா' என்று கூப்பிட்டதில்லை.

சாயிரா பானு மெல்லத் திரையின் பக்கம் திரும்பினாள். பார்த்தாள்.

இசை முடிந்திருக்கும் என்ற கணக்கில் முஜீப்பின் கட்டைவிரல் மறுபடி பட்டனைத் தேடியது. அதற்குள் அவள் ரிமோட்டை அவர் கையிலிருந்து வாங்கி, டி.வி.யையே அணைத்துவிட்டாள்.

"ஏம்புள்ள, இன்னும் முடியலையே?"

"போதுங்க. இன்னிக்கு நீங்க சொன்னதே போதும்."

முஜீப் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாயிரா பானு ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். முதல் மணியிலேயே மகள் எடுத்தாள்.

"காலைல மொத பஸ்ஸுக்கே கெளம்பிரு அம்மணி" என்றாள். "அத்தாவே கூப்புட்டாரு."

டி.வி.யை அவள் அணைப்பதற்கு முன்பே, திரையில் அந்த அப்பா, மகளின் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்துவிட்டு, கதவை அறைந்து சாத்தியிருந்தார்.